வெளிநாட்டில் டேட்டா: எந்த சிம்மைப் போடுவது?

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போனவர்கள் பலருக்கு இது நடந்திருக்கும். கடலைப் பார்த்தபடி நிற்கும்போது சட்டைப் பையில் போன் அதிரும். எடுத்துப் பார்த்தால் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு மெசேஜ். பாஸ்போர்ட் வீட்டு பீரோவில் இருக்கிறது, கால் ராமநாதபுரம் மாவட்டத்து மணலில் இருக்கிறது, போன் மட்டும் வெளிநாடு போய்விட்டது. தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நடுவில் மறைக்க மலையோ கட்டடமோ இல்லை. அக்கரை டவரின் சிக்னல் தண்ணீர்மேல் தவழ்ந்து இக்கரைக்கு வந்துவிடுகிறது.

நம் சிம் வேறு நாட்டு டவரில் தொற்றிக்கொண்டு வேலை செய்வதுதான் ரோமிங். அதன் கதை முழுக்க அந்த ஒரு மெசேஜுக்குள் இருக்கிறது. சிம்முக்குள் 15 இலக்க எண் ஒன்று உண்டு. நாம் டயல் செய்யும் பத்து இலக்க நம்பர் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். 404, 405 என்றால் இந்தியா. 413 என்றால் இலங்கை. அக்கரை நிறுவனம் 404-ஐப் பார்த்ததும், "இவர் உங்கள் ஆளா, உள்ளே விடலாமா?" என்று இந்திய நிறுவனத்தைக் கேட்கிறது. "விடுங்கள், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் தீர்த்துக்கொள்வோம்" என்று இங்கிருந்து பதில் போனால் போன் வேலை செய்யும். பற்று நோட்டு வைத்திருக்கும் மளிகைக் கடை மாதிரிதான். என்ன, பொருள் கொடுப்பது ஒரு கடை, நம்மிடம் காசு வாங்குவது இன்னொரு கடை. இரண்டுக்கும் லாபம் வேண்டும்.

டேட்டா போகும் பாதை இதைவிட விநோதம். பாரிஸில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, இந்திய சிம்மில், பக்கத்துத் தெரு உணவகத்தின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். அந்தத் தளத்தின் சர்வரும் பாரிஸிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி நேராக அங்கே போகாது. வழக்கமான ரோமிங்கில் அது பாரிஸ் டவரிலிருந்து நிறுவனங்களுக்கு இடையிலான தனிப்பாதை வழியாக இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தின் வாசலுக்கு வரும். அங்கேதான் இன்டர்நெட்டுக்குள் இறங்கும். மறுபடி பாரிஸ் போகும், பதிலை வாங்கிக்கொண்டு இந்தியா வரும், திரும்பவும் பாரிஸ். சென்னைக்கும் பாரிஸுக்கும் சுமார் 8,000 கிலோமீட்டர். நான்கு நடை என்றால் 32,000. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர குறைந்தது 160 மில்லி செகண்ட். நிஜத்தில் இன்னும் கூடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது இதுதான். மேலே 5ஜி என்று காட்டியும் பக்கம் தயங்கித் தயங்கித் திறந்தால், டவரைத் திட்டிப் பயனில்லை.

இந்தச் சுற்றுவழியில் ஆதாயமும் உண்டு. சீனாவில் கூகுளும் வாட்ஸாப்பும் உள்ளூர் சிம்மில் திறக்காது; இந்திய சிம் ரோமிங்கில் திறக்கும். காரணம், நம் டேட்டா இன்டர்நெட்டுக்குள் இறங்கும் வாசல் சீனாவில் இல்லை, இந்தியாவில் இருக்கிறது. துபாயில் உள்ளூர் சிம்மிலும் ஓட்டல் வைஃபையிலும் வாட்ஸாப் மெசேஜ் போகும், கால் போகாது. ரோமிங்கில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காலும் போகும். இதே கணக்கில், 2020-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட டிக்டாக்கை சிங்கப்பூரில் நின்றுகொண்டு இந்திய சிம்மில் திறந்தாலும் திறக்காது. உடம்பு எங்கே இருக்கிறது என்பது இன்டர்நெட்டுக்குப் பொருட்டில்லை. வாசல் எங்கே என்பதுதான் கணக்கு.

சரி, எந்த சிம்? பெரும்பாலோர் ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் தடவை கோலாலம்பூர் போனபோது விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கினேன். கவுன்டர் பையன் நீட்டிய ஊசியால் சிம் டிரேயைத் திறந்து, இந்திய சிம்மைக் கழற்றி, போர்டிங் பாஸின் பின்னால் செல்லோடேப் போட்டு ஒட்டி, பாஸ்போர்ட் உறைக்குள் செருகிவைத்தேன். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட நினைப்பு. மூன்றாம் நாள் திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்ற வேண்டி வந்தது. கார்டு எண்ணைப் போட்டதும், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தது. அனுப்பியிருப்பார்கள்தான், செல்லோடேப்பில் ஒட்டியிருந்த சிம்முக்கு. மாற்றிப் போடலாம் என்றால் ஊசி இல்லை. ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதன் தண்டு அந்த ஓட்டைக்குள் கச்சிதமாகப் போனது. சிம்மை மாற்றிய பிறகும் சிக்னல் வரவில்லை. ரோமிங் வசதியையே ஆன் செய்யாமல் ஊரிலிருந்து கிளம்பி வந்திருக்கிறேன்.

அந்தத் தோட்டோடு ஒரு விஷயம் புரிந்தது. நம்பர் வேறு, டேட்டா வேறு. நம்பர் என்பது இன்று வங்கி, ஆதார், யுபிஐ எல்லாவற்றுக்குமான சாவி. அது இந்திய சிம்மில் மட்டும்தான் இருக்கும், அதற்கு மாற்று கிடையாது. டேட்டா என்பது குடிதண்ணீர் மாதிரி, போகிற ஊரில் எங்கே நல்லதாகவும் மலிவாகவும் கிடைக்கிறதோ அங்கே வாங்கலாம். இந்த இரண்டையும் ஒரே சிம்மில் கட்டிவைத்து யோசிப்பதால்தான் குழப்பம்.

நம்பரை உயிரோடு வைத்திருக்க அதிகம் செலவாகாது. பெரும்பாலான திட்டங்களில் ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கிளம்பும் முன்பே நிறுவனத்தின் செயலியில் சர்வதேச ரோமிங்கை ஆன் செய்திருக்க வேண்டும், ரீசார்ஜ் வேலிடிட்டி திரும்பி வரும் நாள் வரை இருக்க வேண்டும். சில நிறுவனங்களில் குறைந்தபட்ச ரோமிங் பேக் போட்டால்தான் எஸ்எம்எஸ்ஸே வரும் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் போனின் செட்டிங்ஸில் இந்திய சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிடலாம். ரோமிங் ஆன், டேட்டா ரோமிங் ஆஃப். கேட்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு சுவிட்சுகள்.

இன்னொரு சில்லறைத் தொல்லை: கால். இந்திய நம்பர் உயிரோடு இருந்தால் கிரெடிட் கார்டு விற்பவர்களும் உயிரோடு இருப்பார்கள். ஊரில் காலை 11 மணிக்கு அவர்கள் கூப்பிட்டால் கோடையில் நியூயார்க்கில் நள்ளிரவு ஒன்றரை. தூக்கக் கலக்கத்தில் எடுத்து "வேண்டாங்க" என்று சொல்வதற்கும் ரோமிங் கட்டணம் உண்டு.

இனி டேட்டா. இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கை இணையத்தில் பலர் மட்டம் தட்டுவார்கள். நான் மட்டம் தட்டமாட்டேன். மூன்று நான்கு நாள் வேலைப் பயணம், செலவு அலுவலகம் தருகிறது, வரும் கால்களையும் எடுக்க வேண்டும் என்றால் அதைவிட நிம்மதி வேறில்லை. இறங்கியதும் வேலை செய்யும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, 'ஒரு நாள்' என்பதற்கு என்ன பொருள் என்பது. சில பேக்கில் முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் காலண்டர் நாள், அதுவும் இந்திய நேரப்படி. இந்திய நள்ளிரவு 12 மணி என்பது கோடையில் லண்டனில் மாலை ஏழரை, சிங்கப்பூரில் அதிகாலை இரண்டரை. லண்டனில் மாலை ஆறு மணிக்கு இறங்கி உடனே பேக்கைத் தொடங்கினால், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நாள் போயே போச்சு.

இரண்டாவது, ஆகாயமும் கடலும். சில விமானங்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் குட்டி மொபைல் நெட்வொர்க் இருக்கும். அது எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது. நாட்டுக்காக வாங்கிய பேக் அங்கே செல்லாது, கட்டணமோ கையைச் சுடும். பேக் இல்லாமல் ஒரு எம்பிக்கு 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் பத்து தானாக இறங்கினாலே, படத்துக்கு 200 கேபி வீதம், ஆயிரம் ரூபாய். பூவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்த ஆள் நாமாகத்தான் இருப்போம். ஏரோபிளேன் மோட் என்பது அந்த விஷயத்தில் நம் பர்ஸுக்கும் பாதுகாப்பு.

ஒரே நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு உள்ளூர் சிம்தான் பல நாடுகளில் இன்றும் மலிவு. கட்டுநாயக்காவில் வெளியே வரும் வழியிலேயே இலங்கை நிறுவனங்களின் கவுன்டர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நாணயம் மாற்றும் கடையிலேயே சுற்றுலா சிம் கிடைக்கும். இரண்டிலும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். வாசல் உள்ளூரிலேயே இருப்பதால் வேகமும் நன்றாக இருக்கும். டாக்சி ஓட்டுநர் கூப்பிட ஒரு உள்ளூர் நம்பரும் கிடைக்கும், இதன் அருமை கொழும்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஜப்பானில் மட்டும் இந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். அங்கே சுற்றுலாப் பயணிக்கு விற்கும் சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே, பேச நம்பர் இருக்காது. நீண்ட நாள் தங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: துருக்கியில் வெளிநாட்டில் வாங்கிய போனில் உள்ளூர் சிம் போட்டால், போனைப் பதிவு செய்யாத பட்சத்தில் 120 நாளில் முடங்கிவிடும். முடங்குவது சிம் அல்ல, அந்த நாட்டு நெட்வொர்க்குகளில் அந்தப் போன்.

இப்போது எல்லோரும் கேட்பது இ-சிம் பற்றி. கையில் அட்டை இல்லாமல், போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம் அது. சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போன சித்திக்கு நான்தான் இ-சிம் போட்டுக் கொடுத்தேன். இறங்கியதும் மகளின் போனிலிருந்து கூப்பிட்டார். "நெட்டே வரலடா. ஆர்னு ஒரு எழுத்து மட்டும் நிக்குது."

"செட்டிங்ஸ்ல டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணுங்க சித்தி."

"நீதானே ஆஃப்ல வைக்கணும், இல்லேன்னா சொத்தே போயிடும்னே?"

"அது இந்திய சிம்முக்கு. இது புது சிம்முக்கு."

சித்தியின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அந்த 'ஆர்' ரோமிங்கைக் குறிக்கும் எழுத்துதான். பயண இ-சிம் விற்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக ஒரு டவர்கூடக் கிடையாது. ஹாங்காங்கிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஏதோ ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக டேட்டா வாங்கி, சில்லறையாக விற்கின்றன. சித்தியின் போனில் இறங்கியது சிங்கப்பூர் சிம் அல்ல, சிங்கப்பூரில் ரோமிங் செய்யும் ஒரு வெளிநாட்டு சிம். அதனால் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன் இல்லாமல் நெட் வராது. காசு முன்பே கட்டியாகிவிட்டதால் பில் பயம் இல்லை. இ-சிம் வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இந்த ஒரு சுவிட்சில் தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு நாட்டு சிம் என்பதால் வாசலும் இன்னொரு நாட்டில். சிங்கப்பூரில் இருந்துகொண்டு கூகுளைத் திறந்தால் அது வேறு நாட்டு விலையையும் மொழியையும் காட்டலாம். வங்கிச் செயலி, புது இடத்திலிருந்து நுழைகிறீர்களே என்று முறைக்கலாம். சில இந்திய அரசுத் தளங்கள் வெளிநாட்டு ஐபிக்கு, அதாவது வெளிநாட்டு இணைய முகவரிக்கு, கதவையே திறக்காது. அந்த வேலைக்கு மட்டும் இந்திய சிம்மில் சின்னதாக ஒரு பேக் போடுவதுதான் வழி.

வாங்கும் முன் போன் இ-சிம்மை ஏற்குமா என்று பார்க்க, ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று டயல் செய்யுங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால் ஏற்கும். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி இருக்கிறது, ஆனால் சீனாவுக்கென்று இரண்டு சாதா சிம்மோடு செய்த மாடல்களில் கிடையாது. ஆண்ட்ராய்டில் விலை குறைந்த பல போன்களில் இன்னும் இல்லை. க்யூஆர் கோடை ஊரிலேயே வைஃபையில் ஸ்கேன் செய்து இறக்கிவிடுவது நல்லது. கோடு வந்த மின்னஞ்சலையும் அதே போனில் வைத்துக்கொண்டு எதை வைத்து ஸ்கேன் செய்வது என்று விமான நிலையத்தில் விழிக்க வேண்டாம். இறக்கிய இ-சிம்மை, நெட் வரவில்லை என்ற கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பல கோடுகள் ஒரு தடவைக்குத்தான்.

வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்த விவகாரத்தில்தான் 2024 ஜனவரியில் பயண இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்ளை செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து இறக்கப்பட்டன. யாரிடம் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அடியில் பொடி எழுத்தில், ஒரு நாளைக்கு இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்றிருக்கும். 128 கேபிபிஎஸ் என்று குறைத்தால் நொடிக்கு 16 கிலோபைட். இரண்டு எம்பி போட்டோ ஒன்றை அனுப்ப இரண்டு நிமிடம். மேப்பை நகர்த்தினால் தெருக்கள் சாம்பல் நிறக் கட்டங்களாக நிற்கும். இப்படிப்பட்ட அன்லிமிடெட்டைவிட, முழு வேகத்தில் 5 ஜிபி என்று நேர்மையாகச் சொல்லும் பேக்கே மேல். எவ்வளவு தேவை என்பதற்கு ஜோதிடம் வேண்டாம். போன மாதம் வைஃபை இல்லாமல் எவ்வளவு செலவானது என்று உங்கள் போனே சொல்லும். வழி பார்ப்பதும் மெசேஜும் அதிகம் தின்னாது. தின்பது வீடியோ. நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படியே எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். போட்டோக்கள் தானாக கிளவுடில் ஏறுவது அடுத்த எதிரி. சுற்றுலாவில் நாளைக்கு 200 படம் எடுக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். படங்கள் ஏறுவதை இரவில் ஓட்டல் வைஃபைக்குத் தள்ளிவிடுங்கள்.

ஐரோப்பா தனிக்கதை. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கு மேல்கட்டணம் கூடாது என்பது சட்டம்; 2022-ல் அதை 2032 வரை நீட்டித்தார்கள். பாரிஸில் வாங்கிய சிம்மை பெர்லினிலும் ரோமிலும் அப்படியே பயன்படுத்தலாம், டேட்டாவுக்கு மட்டும் நியாயமான உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஒன்றியத்தில் இல்லாத நார்வேயும் ஐஸ்லாந்தும்கூட இதில் சேர்த்தி. சேராதது சுவிட்சர்லாந்து. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனும் இல்லை. நம்மவர்களுக்கு இது சும்மா பொது அறிவு இல்லை. பாரிஸில் அண்ணன், சூரிச்சில் அக்கா, லண்டனில் மாமா என்று பரந்திருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பார்த்துவரப் போகிறவர்களின் பாதையே அந்த மூன்று ஊர்தான். அந்தப் பாதையில் பாரிஸ் சிம் மட்டும் கையில் இருந்தால், ரயில் எல்லையைத் தாண்டியதும் பேக் செல்லாமல் போகலாம். வாங்கும்போதே நாடுகளின் பட்டியலில் அந்த இரண்டு பெயரையும் தேடுங்கள்.

அந்த ஊர்களில் சிம் வியாபாரத்திலேயே தமிழர்கள் கை உண்டு. 2001-ல் தொடங்கிய லெபாரா என்ற பெயரே லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று ஈழத்தமிழர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது. 2006-ல் லைகாமொபைலைத் தொடங்கிய அல்லிராஜா சுபாஸ்கரனை நமக்கு சினிமா தயாரிப்பாளராகத் தெரியும். இரண்டுமே டவர் வைத்து வளர்ந்தவை அல்ல. பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து, ஊருக்குப் பேசத் தவிக்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கு மலிவாக விற்று வளர்ந்தவை. இன்றைய இ-சிம் கடைகள் செய்யும் வேலையின் அண்ணன் முறை.

அமெரிக்காவுக்கு ஆறு மாதம் போகும் பெற்றோருக்கு மேலே சொன்ன எதுவும் சரிப்படாது. மகனோ மகளோ வைத்திருக்கும் குடும்பத் திட்டத்தில் ஒரு லைன் சேர்ப்பதுதான் எளிது. ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அங்கே பழைய 3ஜி நெட்வொர்க்குகளை 2022-ல் மூடிவிட்டார்கள், கால் எல்லாம் 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான். இந்தியாவில் வாங்கிய சில போன்களில் டேட்டா வரும், கால் போகாது. இந்திய நம்பரின் கதை அதைவிட முக்கியம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இடம் கொடுக்கிறது. பென்ஷன் வரும் வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த நம்பரில்தான் இருக்கும். ஊரில் இருக்கும் யாராவது மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதைப் பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பட்டும்.

கிளம்பும் இரவு செட்டிங்ஸில் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. கால், எஸ்எம்எஸ் இரண்டுக்கும் இந்திய சிம். டேட்டாவுக்கு இ-சிம். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். அதோடு, ஒரு சிம்மில் நெட் இல்லாவிட்டால் மற்றதுக்குத் தானாகத் தாவும் வசதி இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டாவுக்கு அடியிலேயே இருக்கும்; சுரங்கப் பாதையில் இ-சிம் சிக்னலை விட்ட நேரம் பார்த்து இந்திய சிம்முக்குத் தாவ இடம் கொடுப்பது இதுதான். வாட்ஸாப் பழைய நம்பரிலேயே இருக்கட்டும். நம்பரை மாற்றலாமா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரும்பி வரும்போதும் ஒரு வேலை இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கி, டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, டாக்சி செயலியைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். முழு சிக்னல் இருக்கும், நெட் இருக்காது. டேட்டா இன்னும் சிங்கப்பூருக்காக வாங்கிய இ-சிம்மில் நிற்கிறது. சித்தி அன்றைக்கு அரை மணி நேரம் நின்றுவிட்டு, கடைசியில் ப்ரீபெய்டு டாக்சியில் வீடு வந்து சேர்ந்தார்.